மடியும் சீட்டும்: குழந்தைக்கான கார் இருக்கை வந்த கதை

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குறேன். 10 கிலோ எடையுள்ள குழந்தை அம்மா மடியில் இருக்கு. நெல்லியாளத்திலிருந்து கூடலூர் போகும் வளைவுகளில் கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகுது. எதிலோ மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்த, 110 கிலோ மூட்டையைத் தாங்கும் பலம் கைக்கு வேணும். கொழுந்துக் கூடை சுமந்து பழகிய கைகளாலும் அது முடியாது.

மடிதான் பாதுகாப்பு என்ற நம்பிக்கையை விட, உலகம் ரொம்ப காலம் எடுத்துக்கிட்டது. 1930களில் அமெரிக்காவில் விற்ற குழந்தை சீட்டுகள், குழந்தை ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கவும், இருந்த இடத்திலேயே இருக்கவும் செய்யப்பட்டவை. விபத்தைப் பற்றிய யோசனையே அதில் இல்லை. 1959இல் வால்வோ நிறுவனத்தின் நீல்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டை உருவாக்கினார். அதுவும் பெரியவர்கள் உடம்புக்கு.

1960களில்தான் திருப்பம். பெர்டில் ஆல்ட்மன் என்ற ஸ்வீடன் மருத்துவர், ஜெமினி விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்த நிலையில் புறப்படுவதைக் கவனித்தார். விசை முதுகு முழுக்கப் பரவுது. கைக்குழந்தைக்குத் தலை பெரிசு, கழுத்து பலவீனம். முன்னோக்கி உட்கார்ந்தால் மோதும்போது தலை கழுத்தை இழுக்கும். பின்னோக்கி உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே தாங்கிக்கொள்ளும். இன்றுவரை இந்தத் துறையின் அஸ்திவாரம் இதுதான்.

சட்டத்தின் கதை இன்னும் சுவாரசியம். டென்னசியில் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் போராடி, அமெரிக்காவின் முதல் குழந்தை இருக்கைச் சட்டம் 1978 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. ஆனா அதில் ஒரு விலக்கைச் செருகிட்டாங்க: பெரியவர் கையில் குழந்தையை வைத்திருந்தால் சீட் வேண்டாம்! குழந்தையை நசுக்கும் திருத்தம் என்றே சாண்டர்ஸ் அதைச் சொன்னார். பெரியவரின் எடையும் சேர்ந்து குழந்தையை டேஷ்போர்டில் அழுத்தும் இல்லையா? 1981இல்தான் அந்த விலக்கு போச்சு.

நம்ம ஊருக்கு வருவோம். 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேணும்னு சொல்லிச்சு. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து டான்டீயில் குடியேறியவர்களுக்கு அதைப் ‘பிள்ளை மடுவம்’ என்றால் உடனே புரியும். அம்மா மலையில் கொழுந்து பறிக்கும்போது குழந்தை எங்கே இருக்கணும்னு அன்றே யோசித்த நாட்டில், வண்டியில் போகும்போது எங்கே இருக்கணும்னு சட்டம் சொன்னது 2019இல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் போனால் 1000 ரூபாய் அபராதம்.

வாங்கும்போது வயதைவிட எடையையும் உயரத்தையும் பாருங்க. பின்னோக்கிய நிலையில் அந்த சீட் அனுமதிக்கும் அளவு வரைக்கும் வைங்க; திருப்ப அவசரம் வேண்டாம். ஏர்பேக் இயங்கும் முன் இருக்கையில் பின்னோக்கிய சீட் கூடவே கூடாது. வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்ததா? விபத்தில் சிக்கிய சீட் இல்லையே என்று கேட்டுக்குங்க. மாட்டிய பிறகு அடியில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது.

நீலகிரிக்கென்றே ஒரு விஷயம்: ஸ்வெட்டர். தடிமனான ஜெர்கினுக்கு மேல் பட்டையை இறுக்கினால், மோதும்போது துணி அமுங்கி இடைவெளி விழும். ஜெர்கினைக் கழற்றி, பட்டையைப் போட்டு, மேலே போர்வை போத்துங்க. தோளருகே பட்டையைக் கிள்ளிப் பாருங்க. மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இறுக்கணும். நடுவட்டம் ஏறும்போது குழந்தை வாந்தி எடுக்கும், தூக்கிக்கத் தோணும். வண்டியை ஓரமா நிறுத்திட்டுத் தூக்குங்க.

ஜீப் பற்றியும் கேட்பீங்க. பின்பக்கம் எதிரெதிரா நீள சீட் போட்ட ஜீப்பில் இதை மாட்டவே முடியாது. பக்கவாட்டு இருக்கைக்கு இவை செய்யப்படலை. கைக்குழந்தையோடு போறவங்க, பஸ் வருமென்றால் அரை மணி நேரம் காத்திருந்து அதில் போறதுதான் மேல் என்பது என் கருத்து.