மரபை மறுத்த நூலும் அதற்கு வாய்த்த மரபும்

மாற்கு எழுதிய நற்செய்தியின் ஏழாம் அதிகாரம் ஒரு சாப்பாட்டு வழக்கைச் சொல்கிறது. இயேசுவின் சீடர் சிலர் கைகழுவாமல் உணவு உண்கின்றனர். எருசலேமிலிருந்து வந்த பரிசேயரும் வேதபாரகரும் அதைக் கண்டு குறைகூறுகின்றனர். கைகழுவுதல் அவர்களுக்குச் சுகாதார விடயமன்று. முன்னோர் வகுத்த ஆசாரம். இயேசுவின் மறுமொழி கடுமையானது. தாய் தந்தையரைப் பேணவேண்டும் என்று கட்டளை இருக்க, அவர்களுக்குச் சேரவேண்டிய பொருளைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று நேர்ந்துவிட்டால் கொடாது விடலாம் என வழக்கம் உண்டாக்கியவர்கள் நீங்கள் அல்லவா என்று அவர் திருப்பிக் கேட்கிறார்.

இந்த அதிகாரத்தை மட்டும் வாசிப்பவர், கிறிஸ்தவ வேதம் மரபு முழுவதையும் தள்ளுகிறது என்றே முடிவுகட்டுவார். ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், தாம் ஒப்படைத்தவற்றை அவ்வாறே காத்துவருவதற்காகப் பவுல் அச்சபையாரைப் புகழ்கிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபமும், வாய்மொழியாலும் எழுத்தாலும் கற்றவற்றைப் பற்றிக்கொள்ளுமாறு சொல்கிறது. இம்மூன்று இடங்களிலும் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ஒன்றே: 'பரடோசிஸ்', கையளிக்கப்பட்டது என்பது பொருள். புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர் வழங்கிவரும் தமிழ் வேதாகமத்திலோ மாற்குவில் அது 'பாரம்பரியம்', கொரிந்தியரில் 'கட்டளைகள்', தெசலோனிக்கேயரில் 'முறைமைகள்'. கண்டிக்கப்படும்போது பாரம்பரியம் என்றும், போற்றப்படும்போது கட்டளை என்றும் முறைமை என்றும் பெயர் மாறிவிடுகிறது. தமிழில் மட்டும் வேதத்தை வாசிப்பவருக்கு இம்மூன்றும் ஒரே சொல் என்று தெரிய வழியில்லை. இதில் மொழிபெயர்ப்பாளரின் சூழ்ச்சி எதுவும் இருந்ததாக நான் கருதவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவும் இவ்வாறே செய்கின்றன. ஆயினும் எது காக்கத்தக்க முறைமை, எது தள்ளத்தக்க பாரம்பரியம் என்று பிரிக்கும் அதிகாரம் யாருக்கு என்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறிஸ்தவரைப் பெரிதும் அலைக்கழித்த வினா.

தமிழில் புதிய ஏற்பாடு முதலில் அச்சேறியது தரங்கம்பாடியில். சீகன்பால்கு 1706இல் அங்கு வந்திறங்கினார். 1715இல் நூல் முழுமையாக வெளிவந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் கொழும்பிலும் 1759இல் ஒரு தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகியது. எனினும் மக்கள் மனத்தில் நிலைத்தது சென்னையில் வாழ்ந்த பப்ரிசியுஸ் ஐயரின் மொழிபெயர்ப்பே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் தஞ்சாவூர், சென்னைச் சபையார்க்கு அந்நடையே வேதத்தின் நடையாகிவிட்டது. பத்திரிகை ஒன்றின் முகப்பெழுத்தைச் சற்று மாற்றினாலே வாரக்கணக்கில் கண்டனக் கடிதங்கள் வந்து குவியும்; தினமும் ஓதும் நூலின் சொல்லை மாற்றினால் என்னவாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அதைத்தான் ரேனியுஸ் பாதிரியார் செய்தார். பொதுமக்களுக்கு எளிதில் விளங்கவேண்டும் என்ற நோக்கோடு அவர் புதிய ஏற்பாட்டைத் திருத்தியமைத்தார். கடவுளைக் குறிக்கப் பப்ரிசியுஸ் வழங்கிய 'பராபரன்' போய்த் 'தேவன்' வந்தது. தஞ்சாவூரிலிருந்து எதிர்ப்புக்குரல் எழுந்தது. எழுப்பியவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), பெத்லகேம் குறவஞ்சி பாடிய புலவர். சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பில் கல்விகற்றவர். சரபோஜி மன்னரின் நண்பர். 1820களின் இறுதியில் அவர் புதிய மிஷனரிமார் மீது நான்கு குற்றங்களைச் சுமத்தினார். பழகிய வேதாகமத்தை மாற்றுகிறார்கள். சாதிகளை ஒன்றாகக் கலக்கக் கட்டாயப்படுத்துகிறார்கள். பண்டிகை நாட்களில் பூக்களைத் தடுக்கிறார்கள். ஆராதனையில் தமிழிசையை விலக்குகிறார்கள்.

இந்நான்கையும் ஒரே மூச்சில் சொன்னார் என்பதே எனக்கு வியப்பளிப்பது. அவரைப் பொறுத்தவரை மொழியும் பூவும் பண்ணும் சாதியும் ஒரே நெசவின் இழைகள். அனைத்தும் முன்னைய குருமார் காலத்தில் அனுமதிக்கப்பட்டவை. மிஷனரிமார்க்கும் இவை ஒன்றாகவே தெரிந்தன, தள்ளத்தக்கவையாக. இரு தரப்பாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

வேதம் பிரித்துப் பார்க்கிறது. பூவுக்கும் பண்ணுக்கும் அதில் தடையில்லை; நரம்பிசையும் கைத்தாளமும் சங்கீதப் புத்தகத்தில் நிரம்பியுள்ளன. பந்தியைப் பற்றியோ அது வேறுவிதமாகப் பேசுகிறது. அந்தியோகியாவில் பிற இனத்தாரோடு அமர்ந்து உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் அஞ்சி விலகிக்கொள்கிறார்; பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டிக்கிறார். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இது. கொரிந்துச் சபையிலே கர்த்தரின் பந்திக்கு வந்தவருள் வசதியுள்ளோர் முந்தி உண்டு, ஏழைகளைப் பசியோடு நிறுத்தி வெட்கப்படுத்தியதையும் அவர் பொறுக்கவில்லை. தஞ்சாவூரில் நடந்தது இதற்கு வெகு தொலைவிலானதன்று. அங்கே தேவாலயத்துள் சாதிக்கொரு பக்கமாக அமர்ந்தார்கள். நற்கருணைக் கிண்ணமும் சாதி வரிசைப்படியே கைமாறியது. கல்கத்தா பிஷப் டானியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாக ஒழிக்குமாறு சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினர். சாஸ்திரியாரின் இசைக்கு நான் தலைவணங்குவேன். சாதி பற்றிய அவருடைய வாதத்துக்கு அவர் போற்றிய வேதமே இடங்கொடுக்கவில்லை. இசை வழக்கில் காலமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது: மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் அச்சிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்கள் இடம்பெற்றன, அவை இன்றும் தேவாலயங்களில் பாடப்படுகின்றன.

கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இங்கு இதே வினா இன்னும் சிக்கலாக எழுந்தது. கேட்டவர் கிறிஸ்தவரல்லர்.

வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத்தைப் புதிதாகத் தமிழாக்கும் பொறுப்பு 1840களில் கிடைத்தது. மக்கள் பேச்சிலும் அவருக்கு ஆர்வமுண்டு. பழமொழிகளைத் திரட்டி யாழ்ப்பாணத்திலேயே நூலாக்கியவர். பின்னாளில் சென்னையில் தினவர்த்தமானி என்னும் பத்திரிகையைத் தொடக்கியவரும் அவரே என்பதால், எங்கள் தொழிலுக்கும் ஒருவகையில் மூதாதை. வேதாகமப் பணியில் அவருக்குத் துணைநின்றவர் அவருடைய பாடசாலையில் பயின்று, அங்கேயே ஆசிரியரான நல்லூர் ஆறுமுகம் (1822–1879). நாவலர் என்ற பட்டம் திருவாவடுதுறை ஆதீனத்தில் கிடைத்தது 1849இல். அதற்குமுன் அவர் மிஷன் சம்பளம் பெற்ற சைவ இளைஞர். நெற்றியில் நீறு, மேசையில் மோசேயின் ஆகமங்கள்.

ஆண்டுக்கணக்கில் வசனம் வசனமாக அந்நூலோடு வாழ்ந்தவர், மிஷனரிமார் விரைந்து கடந்துபோகும் பக்கங்களில் நின்று பார்த்தார். யாத்திராகமத்தில் குத்துவிளக்கு எரிகிறது, தூபம் இடப்படுகிறது, குருவின் உடைக்குத் துணியும் நிறமும் அளவும் விதிக்கப்படுகின்றன. லேவியராகமத்தில் தீட்டும் தீட்டுக்கழிப்பும் பலியும் அபிஷேகத் தைலமும் அதிகாரம் அதிகாரமாக வருகின்றன. இவையெல்லாம் கடவுள் விதித்தவை என்று நம்புவோர், சைவாலயத்து விளக்கையும் தூபத்தையும் மூடவழக்கம் என்று தூஷிப்பது எவ்வாறு? 1848இல் மிஷனை விட்டு விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், 1854இல் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்தில் இந்த வாதத்தை விரிவாகவே எடுத்து வைத்தார்.

கிறிஸ்தவர்க்கு இதற்கு மறுமொழி உண்டு. பழைய பலிகளும் சடங்குகளும் கிறிஸ்துவில் நிறைவுற்றன என்பது எபிரெயர் நிருபத்தின் சாரம். ஆயினும் நிறைவுற்றது என்பது வேறு, மூடத்தனம் என்பது வேறு. யாழ்ப்பாணத்துத் துண்டுப்பிரசுரங்கள் இரண்டாவதையே அதிகம் பேசின. அந்த இடத்தில் நாவலரின் அடி சரியாக விழுந்தது. அதேவேளை, அதே வேதத்தில் தீர்க்கதரிசிகள் சடங்கை முன்னிறுத்தி ஏழையை மறந்தோரைச் சாடும் பகுதிகள் நாவலரின் வாதத்துக்கு உதவக்கூடியவையல்ல. வருணாச்சிரமத்தில் உறுதியாக நின்றவர் அவர். தஞ்சாவூர்க் கிறிஸ்தவப் புலவரும் நல்லூர்ச் சைவ அறிஞரும் சாதி என்ற இடத்தில் அருகருகே நிற்கிறார்கள்.

பேர்சிவலும் நாவலரும் உழைத்த மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சாகியது. அந்தக் கையெழுத்துப் பிரதி மழவை மகாலிங்கையரின் பார்வைக்கு வைக்கப்பட்டு அவருடைய பாராட்டைப் பெற்றது என்பர். ஆங்கிலத்தில் அதற்குத் தற்காலிகப் பதிப்பு என்று பொருள்படும் பெயரே சூட்டப்பட்டது, பெயருக்கேற்ப நிலைக்கவுமில்லை. நடை உயர்ந்தது, வடசொல் மிகுந்தது, பழகியதன்று எனத் தென்னிந்தியச் சபையார் ஒதுக்கினர். முன்னோர் பாரம்பரியத்தைவிட வேதமே மேல் என்று போதித்தவர்களின் சபையில், வேதத்தின் புதிய வாசகத்தைப் பாரம்பரியம் தோற்கடித்தது. அடுத்துப் பணியேற்ற ஹென்றி பவர் பப்ரிசியுஸின் நடையை அடிப்படையாக வைத்துக்கொண்டார், முத்தையாபிள்ளை துணைநின்றார். 1871இல் வெளிவந்த அந்த ஐக்கியத் திருப்புதல், பல சபையாரையும் இணங்கவைத்தது. லுத்தரன் சபையினர் அதையும் ஏற்காது பப்ரிசியுஸையே நெடுங்காலம் ஓதிவந்தனர்.

டென்மார்க்கைச் சேர்ந்த அறிஞர் லார்சன் 1936இல் மீண்டும் திருத்தியபோது, 'தேவன்' நீங்கிக் 'கடவுள்' வந்தது. தமிழறிந்தோர் மெச்சினர், சபை மக்கள் கையேற்கவில்லை. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் சேர்ந்து ஆக்கிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. 'கடவுள்' என்ற சொல்லே அதிலும். கத்தோலிக்க ஆலயங்களில் அது வாசிக்கப்படுகிறது. புரட்டஸ்தாந்து வீடுகளில், யாழ்ப்பாணத்திலும் சரி ரொறன்ரோவிலும் சரி, பெரும்பாலும் 1871இன் நடைதான். அந்நடையில் பாரம்பரியத்தைக் கண்டிக்கும் மாற்கு ஏழாம் அதிகாரத்தையும் அவர்கள் மனப்பாடமாக ஒப்புவிக்கிறார்கள்.