லலாய் சிங்கின் வழக்கு: ஒரு புத்தகத்தைப் பறிக்க அரசு என்ன காரணம் சொல்ல வேண்டும்?

சென்ற மாதம் ஒரு மாணவர் படிப்பு வட்டத்தில் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சட்டம் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் செல்பேசியை என் முன் நீட்டினார். அண்ணல் அம்பேத்கரை இழிவுபடுத்தும் ஒரு காணொளி. "தோழர், 295ஏ பிரிவில் புகார் கொடுத்துடலாமா?" என்று கேட்டார்.

அவருடைய கோபத்தில் தவறில்லை, எனக்கும் ரத்தம் கொதித்தது. ஆனால் அந்தப் பிரிவின் எண்ணைக் கேட்டதும் எனக்கு லலாய் சிங் நினைவுக்கு வந்துவிட்டார். அந்தத் தம்பி அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. அங்கிருந்த இருபது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியாரின் புத்தகத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்த வட இந்தியரை, பெரியார் மண் என்று பேசுகிற நமக்கே தெரியவில்லை என்பது கொஞ்சம் வெட்கக்கேடுதான். அன்று தேநீரோடு சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிரிவின் கதை. 1924இல் லாகூரில் நபிகள் நாயகத்தை இழிவுபடுத்தும் ஒரு சிறு நூல் வெளியானது. பெயர் 'ரங்கீலா ரசூல்'. பதிப்பாளர் ராஜ்பால் மீது 153ஏ பிரிவில் வழக்கு நடந்தது. அந்தப் பிரிவு மக்கள் பிரிவுகளுக்கு இடையே பகையை மூட்டுவது பற்றியது. மறைந்துபோன ஒரு மதத் தலைவரை இகழ்வது அதில் வராது என்று சொல்லி, 1927இல் லாகூர் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கொந்தளிப்பு கிளம்பியது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் அரசு, வேண்டுமென்றே தீய நோக்கத்துடன் மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் 295ஏ பிரிவைக் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து ராஜ்பால் தன் கடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். இந்தச் சட்ட முன்வரைவு மத்திய சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வந்தபோது, மதத்தை நேர்மையாக விமர்சிப்பவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இதனால் தீங்கு வரக்கூடாது என்று எச்சரித்தவர்களில் முகமது அலி ஜின்னாவும் ஒருவர். 'வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன்' என்ற சொற்கள் சட்டத்தில் இருப்பதற்கு அப்படிப்பட்ட கவலைதான் காரணம். இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆவது பிரிவாக, அதே உடம்போடு இருக்கிறது.

இதற்குத் துணையாக இன்னொரு கருவியும் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99ஏ பிரிவு. ஒரு நூல் இத்தகைய குற்றத்துக்கு உரியது என்று மாநில அரசு கருதினால், ஓர் அறிவிக்கை மூலம் நாட்டில் எங்கிருந்தாலும் அதன் படிகளை எல்லாம் பறிமுதல் செய்துவிடலாம். எழுதியவரைக் கூண்டில் ஏற்ற வேண்டாம், குற்றத்தை நிரூபிக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவர்தான் உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: அரசு தன் கருத்துக்கான காரணங்களை அந்த அறிவிக்கையிலேயே சொல்ல வேண்டும். இந்த ஒற்றை நிபந்தனை பின்னால் எவ்வளவு வேலை செய்தது என்று பாருங்கள்.

லலாய் சிங் 1911இல் கான்பூர் பக்கத்தில் கடாரா என்ற ஊரில், யாதவர் குடும்பத்தில் பிறந்தவர். குவாலியர் சமஸ்தானத்தில் போலீஸ்காரராக இருந்தார். அங்கே காவலர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்தியதற்காக 1947இல் சிறைக்குப் போனார். பிறகு ஊர் திரும்பி, ஜின்ஜக் என்ற சிற்றூரில் அச்சகம் வைத்து, சம்பூகன் கொலை, ஏகலைவன் என்று நாடகங்கள் எழுதி மலிவு விலையில் அச்சடித்து விற்றார். 1967இல் குசிநகரில் பௌத்தம் தழுவினார். அண்ணலுக்கு தீட்சை கொடுத்த அதே பிக்கு சந்திரமணிதான் இவருக்கும் தீட்சை கொடுத்தவர். பெயருக்குப் பின்னால் இருந்த 'யாதவ்' என்பதையும் உதறிவிட்டார். ஆனால் வழக்கின் தலைப்பில் மட்டும் அது ஒட்டிக்கொண்டே இருக்கிறது!

பெரியாரின் 'இராமாயணப் பாத்திரங்கள்' ஆங்கிலத்தில் 1959இல் வந்தது. அதைப் படித்த லலாய் சிங் பெரியாரிடம் அனுமதி பெற்று, 1968இல் இந்தியில் 'சச்சி ராமாயண்' என்ற பெயரில் வெளியிட்டார். தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக மாநாட்டுப் பந்தல்களில் விற்றுக்கொண்டிருந்த சரக்குதான். அது இந்தியில் போனதும், அதுவும் ராமன் பிறந்ததாகச் சொல்லப்படும் மாநிலத்திலேயே போனதும், அரசு பதறிவிட்டது. 1969 டிசம்பரில் உத்தரப் பிரதேச அரசு 99ஏ பிரிவின் கீழ் ஆங்கிலப் பதிப்பு, இந்திப் பதிப்பு இரண்டையும் பறிமுதல் செய்து ஆணையிட்டது. அடுத்த ஆண்டே, மதமாற்றம் பற்றிய அம்பேத்கரின் உரைகளைத் தொகுத்து லலாய் சிங் வெளியிட்ட நூலையும் பறிமுதல் செய்தது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'மரியாதைக்காக மதம் மாறுங்கள்'.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள் தோழர்களே. பெரியார், அம்பேத்கர், இருவரின் எழுத்தும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே அரசால், ஒரே பதிப்பாளரிடமிருந்து பறிக்கப்பட்டன. மத உணர்வைக் காக்கும் சட்டம் யாருடைய உணர்வைக் காக்க நீண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா? சம்பூகனின் தலை வெட்டப்படும் கதையைக் கேட்டு நம் மக்களின் மனம் புண்பட்டதாக எந்த அரசும் எந்தக் காலத்திலும் அறிவிக்கை போட்டதில்லை.

லலாய் சிங் இரண்டு ஆணைகளையும் எதிர்த்து அலகாபாத் உயர் நீதிமன்றம் போனார். இப்படிப்பட்ட வழக்கை மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வுதான் கேட்க வேண்டும் என்பது சட்டம். 1971இல் இரண்டிலும் அவருக்கே வெற்றி. சச்சி ராமாயண் தீர்ப்பை ஏற்காத உத்தரப் பிரதேச அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது.

தீர்ப்பு வந்த நாள் 1976 செப்டம்பர் 16. நெருக்கடி நிலை நாட்டின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த காலம். பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்க்கட்சித் தலைவர்களுக்குச் சிறை. சட்டமின்றி சிறைப்பட்டவர்கூட ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றக் கதவைத் தட்ட முடியாது என்று அதே ஆண்டு ஏப்ரலில் இதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில், ராமாயணத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட ஒரு நூலின் பறிமுதல் ஆணை செல்லாது என்று எழுதினார் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தவர் அவர்.

எந்தக் காரணத்துக்காகச் செல்லாது என்றார்? நம் மேடைகளில் இதைத்தான் தப்பாகச் சொல்கிறோம். 'பெரியாரின் ராமாயண விமர்சனம் சரி என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று பேசுகிறவர்களை நானே கேட்டிருக்கிறேன். இளம் வயதில் நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. அரசின் அறிவிக்கையில் ஒரு பிற்சேர்க்கை இருந்தது. அதில் இன்ன பக்கம், இன்ன வரி என்று பட்டியல் இருந்தது. அந்த வரிகள் ஏன், எப்படி, யாருடைய மத உணர்வைத் தீய நோக்கத்துடன் புண்படுத்துகின்றன என்ற காரணம் மட்டும் இல்லை. படித்துப் பார்த்தால் தெரியாதா என்பதுதான் அரசின் வாதம். அந்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. காரணத்தை எழுதுவது சட்டம் அரசின் மேல் சுமத்திய கடமை. அதை நீதிமன்றம் ஊகித்து நிரப்பிக்கொள்ள முடியாது. காரணம் எழுதப்பட்டிருந்தால்தான் பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து வாதாட முடியும். வழக்கின் சாரம் அவ்வளவுதான். கருத்துச் சுதந்திரம் பற்றியும், கலிலியோ முதல் எத்தனையோ பேரின் புதிய சிந்தனைகள் அவரவர் காலத்தில் புண்படுத்துவதாகத் தோன்றியது பற்றியும் கிருஷ்ணய்யர் நிறைய எழுதியிருக்கிறார். ஆனால் ஆணை விழுந்தது காரணம் இல்லாததால்.

எனவே இதைச் சின்ன வெற்றி என்று நினைப்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதிகாரி ஒருவர் கோப்பில் 'மத உணர்வு புண்படுகிறது' என்று ஒரு வரி எழுதி ஒரு நூலை ஒழித்துவிட முடியாது, அவர் வாதத்தை எழுத்தில் வைத்தாக வேண்டும். எழுத உட்காரும்போதுதான் பல தடைகளுக்கு வாதமே இல்லை என்பது வெளியே வரும். அதேநேரம் ஒழுங்காகக் காரணம் எழுதிப் புதிய ஆணை போடும் வழி அரசுக்குத் திறந்தேதான் கிடந்தது. 295ஏ பிரிவு அரசமைப்புக்கு உட்பட்டதே என்று 1957இலேயே ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. பெரியாருக்கே அதன் பக்கத்துப் பிரிவில் ஒரு பாடம் கிடைத்தது. 1953இல் திருச்சியில் அவர் மண் பிள்ளையாரை உடைத்தபோது 295ஆவது பிரிவில் புகார் போனது. கீழ் நீதிமன்றம் முதல் சென்னை உயர் நீதிமன்றம் வரை புகாரைத் தள்ளுபடி செய்தன. 1958இல் உச்ச நீதிமன்றமும் மேற்கொண்டு விசாரிக்க ஆணையிடவில்லை. ஆனால் கீழ் நீதிமன்றங்கள் சட்டத்தைப் புரிந்துகொண்ட விதம் தவறு, மக்கள் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று எழுதிவைத்துவிட்டுத்தான் போனது.

தடை எப்போதும் அரசாணை வடிவத்தில்தான் வரும் என்பதும் இல்லை. 1936இல் லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையில் இந்து மத நூல்களைத் தொடும் பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற அவர் சம்மதிக்கவில்லை, மாநாடே ரத்தானது. 'சாதி ஒழிப்பு' உரையைத் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். 1,500 படிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. அரை நூற்றாண்டு கழித்து அவருடைய 'இந்துமதப் புதிர்கள்' நூலை 1987இல் மகாராஷ்டிர அரசே வெளியிட்டபோது, ராமனையும் கிருஷ்ணனையும் பற்றிய பகுதிக்கு எதிராகச் சிவசேனை கிளம்பியது, அரசு தடுமாறியது. 1988 பிப்ரவரியில் மும்பைத் தெருக்களில் நம் மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். கடைசியில் அந்தப் பகுதி நூலில் நின்றது, இந்தக் கருத்துகளோடு அரசுக்கு உடன்பாடு இல்லை என்ற குறிப்போடு. அந்தப் பேரணி இல்லையென்றால் அண்ணலின் எழுத்திலேயே கத்தரிக்கோல் விழுந்திருக்கும்.

நம் பக்கத்துச் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். 2007இல் உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்தில் பாஜகவினர் சச்சி ராமாயணை வைத்துக் கூச்சல் போட்டபோது, அந்த நூலுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று ஒதுங்கியது மாயாவதி அரசு. 1995இல் லக்னோவில் பெரியார் மேளா நடத்திய அதே மாயாவதி! அரசியல் கணக்கு எனக்கும் புரிகிறது. லலாய் சிங் 1993லேயே இறந்துவிட்டார், இதைப் பார்க்கவில்லை.

இன்னொரு சங்கடம் நம் தமிழ்நாட்டுக்குள்ளேயே நடந்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே' படம். பார்ப்பனப் பெண் ஒருத்தி பொய்ச் சான்றிதழில் தலித்தாகக் காட்டி வேலை பெறும் கதை. இடஒதுக்கீட்டைத் தாக்குவதே அதன் நோக்கம். தேசிய விருதும் கொடுத்தார்கள். போராட்டங்கள் நடந்தன, சென்னை உயர் நீதிமன்றம் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் படத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற அச்சத்தைக் காட்டிப் பேச்சைத் தடுக்க முடியாது, அதைச் சமாளிப்பது அரசின் வேலை என்றது. அந்தப் படத்தை நான் வெறுக்கிறேன். ஆனால் நம் ஆவணப்படத்துக்கோ, மேடை நாடகத்துக்கோ, மாட்டுக்கறி விருந்துக்கோ 'சட்டம் ஒழுங்கு' என்று காவல்துறை அனுமதி மறுக்கும்போது, நம் வழக்கறிஞர்கள் எடுத்து நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். எதிரியின் படம் ஜெயித்த வழக்கு நம் கையில் ஆயுதமாக இருக்கிறது.

மீண்டும் அந்தத் தம்பியின் காணொளிக்கு வருகிறேன். அம்பேத்கரைக் கடவுளாக்கி, 'எங்கள் மத உணர்வு புண்பட்டது' என்று மனு எழுதினால், சச்சி ராமாயண் மேல் ஏவப்பட்ட அதே கருவியை நாம் கூர்தீட்டிக் கொடுக்கிறோம் என்றேன். ஒருவர் மறுத்தார்: "அப்ப அவங்க பேசிக்கிட்டே இருப்பாங்க, நாம கேட்டுக்கிட்டே இருக்கணுமா?" நியாயமான கேள்விதான். நான் இரண்டைப் பிரித்துப் பார்க்கிறேன். ஒரு நூலையோ கடவுளையோ தலைவரையோ தாக்குவது வேறு. வாழும் மனிதர்களைச் சாதியின் பெயரால் இழிவுபடுத்தி அவர்கள் மேல் வெறுப்பை மூட்டுவது வேறு. இரண்டாவதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 3(1)(ஆர்), பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பொதுப் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது. 3(1)(யு), பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்மீது பகையும் வெறுப்பும் வளர்ப்பது. இதே சட்டத்தில் 2015 திருத்தம் 3(1)(வி) என்ற ஒன்றையும் சேர்த்தது. நம் மக்கள் உயர்வாக மதிக்கும் மறைந்த தலைவர்களை அவமதிப்பதும் அதன்படி குற்றம். சிலைகள் உடைக்கப்படும் நாட்டில் அது ஏன் வந்தது என்று தெரிகிறது. இருந்தாலும் அது 295ஏவின் ஒன்றுவிட்ட தம்பி போல இருப்பதால் எனக்குத் தயக்கம் உண்டு. அன்று அங்கிருந்த தோழர்களில் பாதிப்பேர் இதில் என்னோடு உடன்படவில்லை.

காணொளியை முழுதாக மறுபடி ஓடவிட்டுப் பார்த்தோம். பிற்பகுதியில் அந்த ஆள் அண்ணலை விட்டுவிட்டு, சேரி மக்களையே அசிங்கமாகப் பேசி, வீட்டுக்குள் விடாதே, வேலைக்கு வைக்காதே என்று தூண்டுகிறான். எத்தனையாவது நிமிடத்தில் என்ன சொன்னான், அது எந்த உட்பிரிவில் ஏன் குற்றமாகிறது என்று மனுவில் ஒவ்வொன்றாக எழுதச் சொன்னேன். அந்த ஒரு பத்தியை எழுதி முடிக்கத் தம்பிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. எழுதியதைப் படித்துக் காட்டினார். மறுநாள் காலையில் நான்கு பேராகக் காவல் நிலையத்துக்குப் போனார்கள்.