உணர்வுசார் நுண்ணறிவு: பணியிடத் தலைமையில்

உணர்வுசார் நுண்ணறிவு என்பது தம் உள்ளத்திலும் பிறர் உள்ளத்திலும் எழும் உணர்வுகளை இனங்கண்டு, அவை எழுந்த காரணத்தை விளங்கிக்கொண்டு, சிந்தனைக்கும் செயலுக்கும் உதவும்படி நெறிப்படுத்தும் திறன் ஆகும். பணியிடத்தில் பிறரை வழிநடத்துவோருக்கு இது எப்போதும் தேவை. ஆட்குறைப்பு, நிறுவன இணைப்பு, பொருளாதாரச் சரிவு, பெருந்தொற்று என நாளைய நிலை இன்னதென்று எவராலும் சொல்ல முடியாத காலங்களில் இதன் தேவை பன்மடங்காகிறது. அத்தகைய நாள்களில் ஊழியர்கள் சுற்றறிக்கையைப் படிப்பதற்கு முன் மேலாளரின் முகத்தைப் படித்துவிடுகிறார்கள்.

வரலாறு

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920இல் ஹார்ப்பர்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில் நுண்ணறிவை மூன்றாகப் பகுத்தார்: கருத்துகளைக் கையாளும் அறிவு, பொருள்களைக் கையாளும் அறிவு, மனிதர்களைப் புரிந்து நடந்துகொள்ளும் சமூக அறிவு. ஆலையிலேயே மிகச் சிறந்த மெக்கானிக், சமூக அறிவு இல்லாத காரணத்தால் மேஸ்திரியாகத் தோற்றுப்போகக்கூடும் என்று அதில் சுட்டிக்காட்டினார். வேலையில் கெட்டிக்காரர் என்பதற்காகவே ஒருவரை மேலாளராக உயர்த்தும் நிறுவனங்கள் இன்றும் கருத்தில் கொள்ளவேண்டிய கூற்று இது.

சிகாகோவை அடுத்த சிசரோவில் இருந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலை பணியிட மனநிலை ஆய்வின் முன்னோடிக் களம். தொலைபேசிக் கருவிகள் செய்த அந்த ஆலையில், விளக்கு வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பை அறிய 1924இல் ஆய்வு தொடங்கியது. சில ஆண்டுகளில் அது தொழிலாளர் மனநிலை பற்றிய ஆய்வாக மாறியது. ஹார்வர்டைச் சேர்ந்த எல்டன் மேயோவும் ஃபிரிட்ஸ் ரோத்லிஸ்பெர்கரும் அதில் பங்குகொண்டனர். 1928 முதல் 1930 வரை 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நேர்காணல் நடந்தது. முதலில் கேள்விப் பட்டியலோடு சென்றார்கள். தொழிலாளர்களோ பட்டியலை விட்டுவிட்டுத் தம் மனத்தை அழுத்துவதையே பேசினார்கள். எனவே முறை மாற்றப்பட்டது. கேட்பவர் முழுக் கவனத்தோடு கேட்கவேண்டும், வாதிடக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது என்பன புதிய விதிகள். இந்த மூன்று விதிகளும் இன்றைய தலைமைப் பயிற்சிகள் பலவற்றிலும் தொடர்கின்றன.

1931 நவம்பர் முதல் 1932 மே வரை, உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, அதே ஆலையில் 14 தொழிலாளர்கள் தனி அறையில் கவனிக்கப்பட்டனர். தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி இணைப்பது அவர்கள் வேலை. உற்பத்தி கூடினால் கூலி கூடும் என்ற ஏற்பாடு இருந்தும், அவர்கள் தமக்குள் ஓர் அளவை வகுத்துக்கொண்டு அதற்கு மேல் செய்ய மறுத்தார்கள். அளவை மீறியவரின் மேற்கையில் பக்கத்தில் இருப்பவர் ஒரு குத்து விடுவார். அதிகம் செய்தால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், யாரையாவது வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சமே இதன் பின்னணி. அந்த அச்சம் தீர்க்கப்படவில்லை. கடைசியில் வேலை குறைந்து ஆட்குறைப்பும் வந்து, அந்த அறையே மூடப்பட்டது. நிச்சயமற்ற காலத்தில் தீர்க்கப்படாத பயம் உற்பத்தியை எப்படிப் பிடித்திழுக்கும் என்பதற்கு இது ஒரு தெளிவான சான்று.

உளவியலாளர் டேவிட் வெக்ஸ்லர் 1940இல், அறிவாற்றல் சாராத கூறுகளையும் சேர்க்காமல் நுண்ணறிவை முழுமையாக விளக்க இயலாது என்றார். 1983இல் ஹோவர்ட் கார்ட்னர், தன்னை அறியும் அறிவையும் பிறரை அறியும் அறிவையும் தனித்தனி நுண்ணறிவுகளாக வகுத்தார். அதே ஆண்டில் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஸ்சைல்ட், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, ஊதியத்துக்காக உணர்வை அடக்குவதும் வரவழைப்பதும் ஒருவகை உழைப்பே என்று நிறுவினார். உணர்வுசார் நுண்ணறிவு என்ற தொடரை வெய்ன் பெய்ன் 1985இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விரிவாகக் கையாண்டார்.

இக்கருத்துக்கு அறிவியல் வடிவம் தந்தவர்கள் உளவியலாளர்களான பீட்டர் சலோவியும் ஜான் மேயரும். 1987 கோடையில், புதிதாக வாங்கிய தம் வீட்டுக்கு வண்ணம் பூச நண்பர் மேயர் உதவிக்கு வந்தபோது நடந்த பேச்சில்தான் இந்த எண்ணம் உருவானதாகச் சலோவி பின்னாளில் கூறியுள்ளார். ஒருவர் அறிதல் பற்றியும் மற்றவர் உணர்வு பற்றியும் பேச, இரண்டையும் ஏன் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்ற கேள்வி எழுந்தது. அதன் விளைவான கட்டுரை 1990இல் வெளிவந்தது. சலோவி பின்னர் யேல் பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

அறிவியல் இதழாளர் டேனியல் கோல்மன் 1995இல் எழுதிய நூல் இக்கருத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. அவ்வாண்டு அக்டோபரில் டைம் இதழ் இதை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. 1998இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, பல நிறுவனங்களின் மனிதவளத் துறைகள் இதைத் தலைமைப் பண்பாகவே ஏற்றுக்கொண்டன.

வகைப்பாடு

உணர்வுசார் நுண்ணறிவை விளக்கும் மாதிரிகள் மூன்று.

1. திறன் மாதிரி: சலோவியும் மேயரும் 1997இல் முழுமைப்படுத்தியது. உணர்வை இனங்காணல், உணர்வைச் சிந்தனைக்குத் துணையாக்கல், உணர்வின் போக்கை விளங்கிக்கொள்ளல், உணர்வை நெறிப்படுத்தல் என்ற நான்கு கிளைகள் கொண்டது. இதற்கான 141 வினாக்கள் கொண்ட தேர்வு 2002இல் வெளிவந்தது. முகங்களின் படங்களைக் காட்டி, அவற்றில் எந்த உணர்வு எவ்வளவு தெரிகிறது என்று கேட்பது அதில் ஒரு பகுதி.

2. கலப்பு மாதிரி: திறனோடு குணநலன்களையும் சேர்த்துக்கொள்வது. கோல்மன் 1998இல் தந்த பட்டியலில் தன்னறிவு, தற்கட்டுப்பாடு, ஊக்கம், பிறர் நிலை உணர்தல், பழகும் திறன் ஆகிய ஐந்து உள்ளன. ரூவென் பார்-ஆன் 1997இல் வெளியிட்ட வினாப்பட்டியலும் இவ்வகையினது.

3. பண்பு மாதிரி: கான்ஸ்டன்டின் பெட்ரிடிஸ், ஏட்ரியன் ஃபர்ன்ஹம் ஆகியோர் 2001இல் முன்வைத்தது. தம் உணர்வுத் திறன் குறித்து ஒருவருக்குள்ள சொந்த மதிப்பீட்டை ஆளுமையின் ஒரு பகுதியாகக் கொள்வது.

இவற்றுள் திறன் மாதிரியே உறுதியான அடித்தளம் உடையது. தாம் பொறுமைசாலி என்று ஒருவர் வினாத்தாளில் எழுதுவதற்கும், கூச்சல் மிகுந்த கூட்டத்தில் பொறுமை காப்பதற்கும் உள்ள தொலைவு பெரிது.

நிச்சயமற்ற நிலையில் செயற்படும் விதம்

தீமை உறுதியாக வரும் என்று தெரிந்த நிலையைவிட, வருமா வராதா என்று தெரியாத நிலையே மனிதரை மிகுதியாக வாட்டுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 45 பேர் பங்கேற்றனர். கணினித் திரையில் தோன்றும் பாறையின் கீழ்ப் பாம்பு இருக்கிறதா என்று அவர்கள் ஊகிக்கவேண்டும். பாம்பு இருந்தால் கையில் சிறு மின்னதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்றபோது இருந்ததைவிட, வாய்ப்பு சரிபாதி என்றபோதே பதற்றம் உச்சத்தில் இருந்தது.

இப்பதற்றம் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டிக்கொள்வதும் ஆய்வில் தெரியவந்துள்ளது. சீகல் பார்சேட் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஊக்கத்தொகையைப் பங்கிடும் மேலாளர் கூட்டம் ஒன்று நடித்துக் காட்டப்பட்டது. குழுவில் ஒருவராகக் கலந்திருந்த பயிற்சி பெற்ற நடிகர் எந்த மனநிலையைக் காட்டினாரோ அது மற்றவர்களுக்கும் பரவியது. அவர் உற்சாகம் காட்டிய குழுக்களில் ஒத்துழைப்பு கூடியது, பூசல் குறைந்தது. தலைவரையே எல்லாரும் கவனித்துக்கொண்டிருக்கும் நெருக்கடி நாள்களில் அவரது மனநிலை இன்னும் வேகமாகப் பரவக்கூடும்.

எனினும் கலக்கத்தை விழுங்கிக்கொண்டு சிரித்த முகம் காட்டுவது தீர்வாகாது. உணர்வை அடக்கினால் முகம் அமைதியாகத் தெரிந்தாலும் உடலின் அழுத்தம் குறைவதில்லை என்று உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் ஆய்வுகள் காட்டின. நிலைமையை வேறு கோணத்தில் மதிப்பிடுவதே பயன் தருகிறது என்பது அவர் முடிவு. உணர்வுக்குப் பெயர் சொல்வதும் பயனுள்ளதே. கோபம் எனவோ அச்சம் எனவோ சொல்லால் குறிக்கும்போது மூளையின் அமிக்டலாப் பகுதியின் செயல்பாடு தணிவதை மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் பதிவு செய்தனர்.

எடுத்துக்காட்டுகள்

எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் அண்டார்க்டிகப் பயணம் மேலாண்மைப் பள்ளிகளில் பாடமாக நடத்தப்படுகிறது. 28 பேரோடு சென்ற எண்டூரன்ஸ் கப்பல் 1915 ஜனவரியில் வெடல் கடலின் பனிக்கட்டியில் சிக்கி, நவம்பரில் மூழ்கியது. கப்பலைக் கைவிட்டபோது ஒவ்வொருவரின் உடைமையையும் கடுமையாகக் குறைத்த ஷாக்கிள்டன், லியோனார்ட் ஹஸியின் பாஞ்சோ இசைக்கருவியை மட்டும் எடுத்துவரச் சொன்னார். குழுவின் மனத்துக்கு அது மருந்து என்பது அவர் கருத்து. முணுமுணுப்பவர்களை ஒதுக்காமல் தம் அருகிலேயே வைத்துக்கொண்டார். பின்னர் சென்றடைந்த எலிஃபன்ட் தீவில் 22 பேரை ஃபிராங்க் வைல்டின் பொறுப்பில் விட்டுவிட்டுச் சிறு படகில் உதவி தேடிப் புறப்பட்டபோது, சச்சரவு கிளப்பக்கூடிய தச்சர் மெக்னிஷையும் ஜான் வின்சென்டையும் உடன் அழைத்துச் சென்றார். தீவில் வைல்ட் நாள்தோறும் காலையில், தலைவர் இன்றே வரலாம், மூட்டையைக் கட்டி வையுங்கள் என்று சொல்லி நம்பிக்கையைக் காத்தார். 1916 ஆகஸ்ட் 30இல் அந்த 22 பேரும் மீட்கப்பட்டனர்.

கொரோனாப் பெருந்தொற்றின் தொடக்கத்தில், 2020 மார்ச்சில், மேரியட் விடுதி நிறுவனத் தலைவர் ஆர்ன் சோரன்சன் ஊழியர்களுக்குக் காணொளியில் பேசினார். புற்றுநோய்ச் சிகிச்சையால் முடி உதிர்ந்த தோற்றத்தில் கேமரா முன் வரவேண்டுமா என்று உடனிருந்தோர் தயங்கியதை அவரே அதில் குறிப்பிட்டார். வணிகம் எவ்வளவு சரிந்துள்ளது என்பதை மறைக்காமல் சொல்லி, அந்த ஆண்டின் எஞ்சிய காலத்துக்குத் தமக்கு ஊதியம் வேண்டாம் என அறிவித்தார். இதற்கு நேர் எதிரானது 2021 டிசம்பரில் நடந்தது. அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனமான பெட்டர் டாட் காமின் தலைவர், ஏறத்தாழ 900 பேரைச் சில நிமிட ஜூம் கூட்டத்திலேயே வேலையிலிருந்து நீக்கினார். கண்டனம் எழுந்ததால், சொன்ன முறைக்காக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

வளர்க்கும் முறைகள்

இத்திறன் பயிற்சியால் வளர்வது. ரிச்சர்ட் போயாட்சிஸ் 1990களிலிருந்து கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் மேலாண்மை மாணவர்களுக்கு நடத்திய பாடத்தில், பெற்ற முன்னேற்றம் ஆண்டுகள் கழித்தும் நிலைத்ததைப் பதிவு செய்துள்ளார். பொதுவாகப் பின்பற்றப்படும் முறைகள்:

தன் நிலை அறிதல்: கூட்டத்துக்குள் நுழையும் முன், தம் மனத்தில் இருப்பது எரிச்சலா, பயமா, சோர்வா என்று பெயரிட்டுக்கொள்ளுதல்.

தெரிந்ததைப் பகுத்துச் சொல்லுதல்: இது தெரியும், இது இன்னும் தெரியாது, அடுத்த தகவல் இந்த நாளில் வரும் என மூன்றாகப் பிரித்துப் பேசுதல். புதிய செய்தி இல்லாவிட்டாலும் சொன்ன நாளில் வந்து நிற்கவேண்டும். வாய் மூடியிருக்கும் நிர்வாகத்தின் இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும்.

கேட்டல்: ஹாதார்ன் விதிகளின்படி குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுதல்.

தவறைச் சொல்ல இடம் தருதல்: தவறை வெளியே சொன்னவரைக் கடிந்துகொள்ளாத குழுக்களே நன்கு கற்கின்றன என்று ஏமி எட்மன்ட்சன் 1999இல் காட்டினார்.

விமர்சனம்

எட்வின் லாக் 2005இல், இது நுண்ணறிவே அன்று என்று வாதிட்டார். ஜான் ஆன்டனாகிஸ், பொது நுண்ணறிவையும் ஆளுமையையும் கணக்கில் கொண்டால் எஞ்சுவது சொற்பம் என்றார். ஆயினும் 2010இல் டானா ஜோசஃப், டேனியல் நியூமன் ஆகியோர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதரோடு பழகி உணர்வைக் கையாளவேண்டிய பணிகளில் இத்திறனின் பயன் புலப்பட்டது. தலைமைப் பொறுப்பு அத்தகைய பணியே.

இன்றைய நிலை

தொலைவிலிருந்து பணிபுரியும் முறை பரவியபின் இத்திறனுக்கான பயிற்சிகள் இணையவழியாகவும் நடைபெறுகின்றன. வணிகவியல், செவிலியர், கல்வியியல் படிப்புகளிலும் இது பாடமாக உள்ளது.