மட்டம் தவறும் தரைகள்

பாலக்காட்டுச் சீமையின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்களில் சொந்த வீடு வைத்துக்கொண்டு, பிழைப்பின் பொருட்டு மும்பையிலோ தில்லியிலோ வாழும் நம்மவர் பலர் உண்டு. விடுமுறைக்கு ஊர் சென்று பூட்டைத் திறந்ததும் அவர்கள் காணும் காட்சி பழகிப்போன ஒன்று. சென்ற முறை வழவழவென்று இருந்த சிமெண்டுத் தரை, கூடத்தின் நடுவில் ஆமை முதுகுபோல் மேடிட்டிருக்கும். சுவரோரத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு விழுந்திருக்கும். கதவு நிலையில் உரசும். உடனே கொத்தனாரை அழைத்து, சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்று கடிந்துகொள்வோம். தளத்தை உடைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, புதிதாகப் போடச் சொல்வோம். இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே காட்சி திரும்பி வரும்.

தெற்கே இடுக்கி மலையில், குமுளியிலும் உடும்பன்சோலைப் பக்கத்திலும் தேவிகுளத்திலும் நம்மவர் கட்டிய வீடுகளிலும் தளம் மட்டம் தவறுவதுண்டு. அங்கே தரை மேலே எழும்புவதில்லை. ஒரு பக்கமாக இறங்குகிறது. இரண்டும் தமிழகத்தை ஒட்டிய எல்லைப் பகுதிகள். இரண்டிலும் தமிழ் பேசும் மக்கள் மிகுதி. நோயின் குறியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் காரணம் வேறு. சித்தூர்ப் பக்கத்தில் தளத்தைத் திரும்பத் திரும்ப மட்டம் செய்வது பண விரயம். இடுக்கிச் சரிவில் அதே காரியம் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே கொத்தனாரைக் கேட்பதற்கு முன் மண்ணைக் கேட்பது நல்லது.

நாம் சொல்லும் சித்தூர் ஆந்திரத்துச் சித்தூர் அன்று. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். அதன் சரித்திரமே சற்று விசித்திரமானது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த காலத்தில், சித்தூர் வட்டம் மட்டும் கொச்சி மன்னரின் ஆட்சியில் தனித்துண்டமாகக் கிடந்தது. 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி இணைந்தபோது அதில் சேர்ந்து, 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் பிறந்தபோது கேரளத்தினுள் வந்தது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறினவே ஒழிய, மண்ணின் எல்லை மாறவில்லை. கோவை, பொள்ளாச்சிப் பக்கத்துக் கரிசல் நிலம் மேற்கே நீண்டு சித்தூர் வட்டத்தில் நுழைந்து, அங்கேயே நின்றுவிடுகிறது. கேரளம் முழுவதிலும் கரிசல் மண் காணப்படுவது இந்த ஒரு வட்டத்தில்தான்.

வானமும் அங்கே கேரளத்து வானமாக இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இடையறாது வீசும். மாசி, பங்குனியில் வெயில் சுட்டெரிக்கும். கேரளத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் அளவில் இருக்க, சித்தூரின் கிழக்குப் பகுதியில் அதில் பாதிகூடப் பெய்வதில்லை. பெய்வதும் ஒரேயடியாகப் பெய்வதில்லை: ஆனி, ஆடியில் கொஞ்சம், ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம். மண் காய்ந்து வெடிக்கும், நனைந்து பொங்கும், மீண்டும் காயும்.

இப்பொங்கலுக்குக் காரணம் கரிசலில் உள்ள ஒரு வகைக் களிமண். அதற்கு மாண்ட்மோரிலோனைட் என்று பெயர். பிரான்சு தேசத்தில் மோன்மோரியோன் என்னும் ஊரருகே கிடைத்ததால் 1847-இல் அப்பெயர் இடப்பட்டது. இதன் நுண்துகள்கள் ஏட்டுச் சுவடி போல் அடுக்கடுக்கானவை. நீர் பட்டால் ஏடுகளுக்கிடையே புகுந்து அவற்றை விலக்குகிறது, மண் பருக்கிறது. நீர் வற்றினால் ஏடுகள் நெருங்குகின்றன. மண் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது.

இம்மண்ணின்மேல் கான்கிரீட் தளம் போட்டால் என்ன நேரும்? திறந்தவெளி மண்ணிலுள்ள ஈரம் வெயிலில் ஆவியாகிறது. தளத்தின் அடியில் உள்ள ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை. ஆழத்திலிருந்து ஏறிவரும் ஈரம் அங்கே தங்கித் தங்கி, கூடத்தின் நடுவில் மண்ணைப் பொங்கச் செய்கிறது. சுவரோர மண்ணோ கோடைதோறும் சுருங்குகிறது. ஆமை முதுகு உண்டாகும் விதம் இதுவே. குளியலறைக் கழிவுநீர் சுவரருகே தேங்கினால் அந்த மூலை எழும்பும்; நிழலுக்கென்று சுவரை ஒட்டி நட்ட வேம்பு வளர்ந்தால், வேர்கள் நீரை உறிஞ்ச, அந்த மூலை தாழும். பெரிய மாளிகையைவிட ஒற்றைத் தளச் சிறு வீடே இதில் அதிகம் அல்லற்படுகிறது. மண்ணின் உந்தலை அமுக்கும் கனம் அதற்கு இல்லை.

அப்படியானால் நம் பாட்டன்மார் வீடுகளில் இத்தொல்லை ஏன் பேசப்படவில்லை? தொல்லை இருந்தது, தெரியவில்லை, அவ்வளவே. அவர்கள் திமிசுக்கட்டையால் அடித்து இறுக்கிய மண் தரையைச் சாணமிட்டு மெழுகினார்கள். வெடிப்பு விழுந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை மெழுகலில் அது மறைந்தது. தரையை மட்டம் செய்யும் வேலையை வீட்டுப் பெண்கள் வாரந்தோறும் கைப்பட, கூலியின்றிச் செய்துவந்தார்கள் என்பதே உண்மை. வசதியுள்ளவர் வீடுகளில் சுண்ணாம்புத் தளம் இருந்தது. சுண்ணாம்புக் காரை மெல்ல இறுகுவது. மண் சிறிது அசைந்தால் தானும் சிறிது வளைந்துகொடுப்பது. 1930-களில் கோவைக்கு அருகே மதுக்கரையில் சிமெண்டு ஆலை எழுந்தபின், கணவாயின் இருபுறத்திலும் சிமெண்டு எளிதாகக் கிடைக்கத் தொடங்கிற்று. சிமெண்டு வலிமையானது, ஆனால் வளையாது. மண்ணின் அசைவை அது மறைக்கவில்லை, பிளந்து காட்டிக்கொடுத்தது.

உலகத்துப் பொறியாளர்களும் இதை உணர நாளாயிற்று. மண்ணின் நடத்தையை அளந்து கணக்கிடலாம் என்று கார்ல் டெர்சாகி தம் நூலில் நிறுவியது 1925-இல். பொங்கும் மண்ணே கட்டடத்தைத் தூக்குகிறது என்பதை அமெரிக்க நீர்ப்பாசனத் துறையினர் தெளிவாகக் கண்டது 1938-இல், ஓரிகான் மாநிலத்தில் ஓர் இரும்பு நீர்க்குழாயின் அடித்தளத்தில். அதுவரை அங்கும் பழி வேலையாட்கள் தலையில்தான் விழுந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

நம் நாட்டில் வழி கண்டவர்கள் ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார். 1950-களில் தினேஷ் மோகன் முதலியோர் கரிசலை ஆராய்ந்தனர். தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழத்துக்குக் கீழே, பருவ மாறுதலால் மண் அசைவது மிகக் குறைவு என்று தெரிந்தது. அந்த ஆழம் வரை துளையிட்டு, அடிப்பகுதியைக் குமிழ்போல் அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்பும் முறையை அவர்கள் உருவாக்கினர். குமிழின் குறுக்களவு தண்டைப்போல் இரண்டரை மடங்கு. வீட்டின் பாரம் இத்தூண்களின்மேல் நிற்கும். தூண்களை இணைக்கும் உத்தரத்துக்கும் மண்ணுக்கும் இடையே சில அங்குல வெளி விடப்படும். மண் பொங்கினாலும் உத்தரத்தைத் தொடாது. பின்னர் 1970-களில் மும்பை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆர். கே. கட்டி, கரிசலின்மேல் பொங்காத பசைமண்ணை ஏறக்குறைய ஒரு மீட்டர் கனத்துக்குப் பரப்பினால் கீழ்மண்ணின் எழுச்சி அடங்குவதைக் காட்டினார். கர்நாடகத்து மலப்பிரபாக் கால்வாயில் அம்முறை கையாளப்பட்டது.

1970 மே மாதத்தில் தமிழகமும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணையில் சித்தூர் நிலங்களுக்காக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் விடவேண்டும். வயலுக்கு அது வரம். ஆயினும் வாய்க்காலை ஒட்டிக் கரிசலில் கட்டிய வீட்டுக்கு வானத்தின் பருவங்களோடு வாய்க்காலின் முறையும் சேர்ந்துகொள்கிறது என்பதை மறக்கலாகாது.

இனி மலைக்குச் செல்வோம். கோவையிலிருந்து மலைக்கு உள்ள வேற்றுமையை முதலில் எழுத்தில் பதித்தவர்களுள் ஒருவர் பிரான்சிஸ் புக்கானன். 1800-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கோவையிலிருந்து பாலக்காடு வழியாக மலபாருக்குள் சென்றார். அங்காடிப்புரத்தில் மண்ணைச் செங்கல்போல் வெட்டியெடுத்துக் காற்றில் உலர்த்தி வீடு கட்டுவதைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். அவர் நூல் 1807-இல் வெளிவந்தது. மலையாளத்தார் வெட்டுக்கல் என்பது இதையே. பெருமழையில் சத்துகள் கரைந்தோடி, இரும்பும் அலுமினியமும் எஞ்சிய மண் அது. இடுக்கியின் செம்மண்ணும் இதே போன்ற மழையால் உருவானதே. அது கரிசலைப்போல் பொங்குவதில்லை. ஆனால் பாறையின்மேல் பல மீட்டர் கனத்துக்குப் போர்த்திக் கிடக்கும் அம்மண், நீர் நிறைந்தால் சரிவில் நகரத் தொடங்குகிறது.

அம்மலையில் காடு திருத்தும் வேலை, பூஞ்சாற்று அரசரிடமிருந்து 1877-இல் மன்றோ என்பவர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றபின் முனைந்து நடந்தது. தேயிலைக்கு வழிவிட்ட காட்டோடு மண்ணைப் பிடித்திருந்த வேர்களும் போயின. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908-இல் இரண்டடி அகல இரயில்பாதையும் அமைத்தார்கள். 1924 ஜூலைப் பெருமழையில் பாதை அழிந்தது. பின்னர் அதை யாரும் மறுபடி கட்டவில்லை.

இன்று மலைச்சரிவில் வீடு கட்டுவோர், மேல்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கத்தில் கொட்டிச் சமன் செய்கிறார்கள். பாதி வீடு வெட்டிய கெட்டி மண்ணிலும், பாதி வீடு கொட்டிய பொல மண்ணிலும் நிற்கிறது. முதல் மழையில் கொட்டிய பாதி இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் கூடத்தின் குறுக்கே கோடு கிழித்தாற்போல் தளம் பிளக்கும். இந்த அளவோடு நின்றால் அது கட்டியவரின் பிழை, திருத்தலாம்.

இதற்கு மேற்பட்ட ஒன்று உண்டு. மண்ணுக்குள் நீர் எலிவளை போலக் குழாய் குழாயாக வழி வெட்டி, அடியிலிருந்தே மண்ணைக் கரைத்துக் கொண்டுபோகும். மேலே செடி பசுமையாக நிற்கும், கீழே வெற்றிடம். திருவனந்தபுரத்திலுள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையத்தார் கேரளத்தின் மலை மாவட்டங்களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2018 ஆகஸ்டு மழையில் இடுக்கியில் பல இடங்களில் நிலம் நீளமாகப் பிளந்து, வீடுகள் இருந்த இடத்திலேயே அமிழ்ந்தன. அத்தகைய பிளவின்மேல் சிமெண்டு பூசித் தளத்தை மட்டம் செய்வது, நோயாளியின் உடலிலுள்ள காய்ச்சலை விட்டுவிட்டு வெப்பமானியை உடைப்பதை ஒக்கும். எல்லாச் சரிவும் முன்னறிவிப்புத் தருவதில்லை என்பதும் உண்மையே. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்கள்மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டபோது, மண் வந்தது வீட்டுத் தரையின் அடியிலிருந்து அன்று, மேலேயுள்ள மலையிலிருந்து. ஆயினும் தரை தரும் அறிவிப்பை நாமே மூடிவைக்க அது காரணமாகாது.

ஊரில் வீடு கட்டப் பணம் அனுப்புவோர் முதலில் செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. உலர்த்திப் பொடித்துச் சலித்த மண்ணைப் பத்துப் பத்துக் கிராமாக இரண்டு அளவுக்குழல்களில் இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒரு நாள் வைக்கவேண்டும். மண்ணெண்ணெயில் மண் பொங்காது. தண்ணீரில் உள்ள மண் எவ்வளவு உயர்ந்து நிற்கிறதோ, அவ்வளவுக்கு அது கரிசல் குணம் உடையது. பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்திலேயே இதைச் செய்யலாம்.

மலையில் உள்ளவர்களுக்குப் பழைய பொறியாளர்கள் கையாண்ட உபாயம் ஒன்று. பிளவின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை இருமுனையும் காரை வைத்துப் பதித்து, அருகில் தேதியை எழுதிவைக்க வேண்டும். பிளவு பழையதானால் கண்ணாடி அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் ஒரு நாள் அது உடைந்து கிடந்தால், கொத்தனாரை அழைக்க வேண்டாம். வீட்டிலிருப்பவர்களை முதலில் வெளியே அழைத்துவிட்டு, கிராம அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.