பீனிசமும் சீன மருத்துவமும்: ஒப்புமை சான்றாகுமா?

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான கரையூர்களில் பீனிசத்தை அறியாத வீடு குறைவு. தடிமன் மாறாமல் நெற்றி கனத்து, மூக்கு அடைத்து, தொண்டைக்குள் சளி இறங்கிக்கொண்டே இருந்தால் அது பீனிசம். கச்சான் காற்றின் வறட்சி, சம்மாந்துறை வயல்களின் அறுவடைத் தூசி, மருதமுனைக் கைத்தறிகளின் பஞ்சுத் துகள் எனக் காரணம் சொல்லவும் ஆளில்லாமல் இல்லை. நவீன மருத்துவம் இதனை எலும்பறை அழற்சி என்கிறது. பன்னிரண்டு வாரங்களைக் கடந்தால் நாட்பட்டது என வகுக்கிறது.

இந்நோய்க்குச் சீன மருத்துவத்தைப் பரிந்துரைப்போர் பெரும்பாலும் ஒப்புமையையே வாதமாக்குகின்றனர்: அது நமது யூனானியையும் சித்தத்தையும் ஒத்திருக்கிறது, ஆகவே நமக்கும் பொருந்தும் என்பது. இலங்கையில் சட்டமே இதற்கு இடமளிக்கிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றோடு, ஏனைய ஆசிய நாடுகளில் அவ்வவ் அரசுகள் ஏற்ற சுதேச மருத்துவ முறைகளையும் ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. கொழும்பை அடுத்த களுபோவிலையிலிருந்து வைத்தியர் அன்டன் ஜயசூரிய பரப்பிய அக்குபங்சரும் ஏற்கெனவே நாட்டுக்குப் பழக்கமானதுதான்.

ஒப்புமை உண்மையில் இருக்கிறது. யூனானி நூல்கள் மூளையில் மிகுந்த ஈரம் கீழிறங்குவதாகக் கண்டு, தொண்டைக்கு வருவதை நஸ்லா என்றும் மூக்கால் வருவதை ஸுகாம் என்றும் பிரித்தன. சீனத்தின் பழம்பெரும் மருத்துவ நூலான ஹுவாங்தி நெய்ஜிங், பித்தப்பையின் வெப்பம் மூளைக்குப் பெயர்வதால் மூக்கு ஓயாது ஒழுகுகிறது என்றது. இரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாதிருந்தன என்றும் சொல்ல முடியாது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தப்ரீஸில் அமைச்சர் ரஷீதுத்தீன் சீன நாடிநூலைப் பாரசீகத்தில் பெயர்த்தெழுதச் செய்தார். ஆனால் சளி மூளையிலிருந்து இறங்குகிறது என்ற கருத்தை 1660களில் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஷ்னைடர் தகர்த்துவிட்டார். சளியைச் சுரப்பது மூக்கின் மென்சவ்வுதான். யூனானியும் சீனமும் ஒரே இடத்தைச் சுட்டின என்பதால் அவ்விடம் சரியாகிவிடவில்லை. இரண்டும் சேர்ந்தே தவறின.

சிகிச்சையிலும் இதே சிக்கல். நொச்சியிலை போட்டு வேது பிடிக்காத வீடு நம்மிடம் இல்லை. யூனானி வைத்தியரும் அதையே சொல்வார். ஆயினும் பிரித்தானியாவில் 871 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு, ஆவி பிடிப்பதால் பீனிசக் குறிகளில் பெரிய பயன் இல்லை எனக் கண்டது. தலையிடி மட்டும் சற்றுக் குறைந்தது. அதே ஆய்வில் உப்புநீரால் மூக்கைக் கழுவியோருக்குச் சிறிதெனினும் பயன் கிடைத்தது. ஐவேளைத் தொழுகைக்கான வுளூவில் மூக்குக்குத் தண்ணீர் செலுத்தும் சமூகத்துக்கு இது புதிதாகத் தோன்றாது. எனினும் வுளூவின் ஒரு கைநீர் உப்புநீர்க் கழுவலுக்கு ஈடாகாது. கரையோரக் கிணற்றுநீரைக் கொதிக்க வைத்து ஆறவைக்காமல் மூக்கில் செலுத்தவும் கூடாது.

அக்குபங்சரில் நாசித்துவாரத்தின் இருபுறமும், புருவ நடுவிலும், கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலும் ஊசி ஏற்றுவர். நோர்வேயில் 65 பேரிடம் செய்யப்பட்டு 2005இல் வெளியான ஒப்பீட்டில், முறையான புள்ளிகளில் குத்தியதற்கும் புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஐரோப்பிய மூக்கியல் நிபுணர்களின் 2020 வழிகாட்டியும் நாட்பட்ட பீனிசத்துக்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்கவில்லை. அது உப்புநீர்க் கழுவலையும் மூக்கில் அடிக்கும் ஸ்டீரொய்ட் மருந்தையுமே முன்வைக்கிறது.

மூலிகையில்தான் என் அச்சம் அதிகம். யென் யோங்ஹ என்பார் 1253இல் தொகுத்த மருந்துநூலில் மூக்கு ஒழுகலுக்கு உரிய சூரணம் ஒன்று உண்டு. அதன் தலைமைச் சரக்கு மருளூமத்தைக் காய். சீன மருந்தாளர் முள் நீங்குமளவு வறுத்தே அதனைப் பயன்படுத்துவர். வறுத்தால் நஞ்சு குறையும். ஆனால் இச்செடி தெற்காசியாவில் களையாகவும் முளைக்கிறது. 2007இல் வங்காளதேசத்தின் சில்ஹெட் பகுதியில் வெள்ளத்துக்குப் பின் உணவின்றித் தவித்தோர் அதன் இளநாற்றைக் கீரையாக உண்டதில் 76 பேர் நோயுற்றனர். 19 பேர் இறந்தனர். ஒரு செடியின் பெயரை மட்டும் அறிந்து பறிப்பவருக்கு வறுக்கும் பக்குவம் தெரிந்திருக்காது.

ஆகவே முறைமைகளை மொத்தமாக ஏற்பதும் மொத்தமாக மறுப்பதும் பயனற்றவை. கழுவல், ஆவி, ஊசி, சூரணம் என ஒவ்வொரு செயலையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒரு கண் வீங்கினாலோ பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ கழுத்து விறைத்தாலோ எந்த மரபினரும் காத்திருக்காமல் வைத்தியசாலைக்கு அனுப்பிவிட வேண்டும். கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளவரிடம் இன்னும் விரைவு தேவை. திசுவை அழுகச்செய்யும் பூஞ்சைத் தொற்று அவர்களிடம் வேகமாகப் பரவும்.

கல்முனையில் கழுவலையும் ஊசியையும் ஒப்பிடும் அத்தகைய சோதனையைத் திட்டமிடுவோர் ஓர் இடையூறையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். இக்கரை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி நோன்பு நேரத்தில் மூக்கு வழியே உள்ளே செலுத்தப்படுவது நோன்பை முறிக்கும். எனவே றமழானில் கழுவலை நோன்பு திறந்த பின்னரே வைக்க வேண்டும். ஊசிக்கு அக்கட்டுப்பாடு இல்லை என்பதால் அம்மாதத்தில் ஊசிக் குழுவின் வருகை மட்டும் குறையாமல் இருக்கக்கூடும். இந்த ஏற்றத்தாழ்வை முன்கூட்டியே சமன்செய்யாத ஒப்பீடு ஊசிக்குச் சாதகமாகவே சாயும்.