நேப்பிள்ஸ், 1897: ஆஸ்கார் வைல்டும் டக்ளஸும் மறுபடி சேர்ந்த கதை

ஆஸ்கார் வைல்ட் என்றால் நம்மில் பலருக்கு 'மகிழ்ச்சியான இளவரசன்' கதை ஞாபகம் வரும். கொஞ்சம் கூடப் படித்தவர்களுக்கு அவருடைய நாடகங்களும், அவர் சிறைக்குப் போனதும் தெரிந்திருக்கும். ஆனால் சிறையிலிருந்து வெளியே வந்த பிறகு என்ன ஆனது என்பதைப் பெரும்பாலான புத்தகங்கள் இரண்டே வரியில் முடித்துவிடும். "தன்னை அழித்த அதே ஆளிடம் மறுபடி போனார், மூன்று மாதத்தில் பிரிந்தார், முட்டாள்தனம்." அவ்வளவுதான்!

அது அவ்வளவுதானா என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1891ல் வைல்டும் ஆல்ஃபிரட் டக்ளஸும் சந்தித்தார்கள். வைல்டுக்கு வயது 36. மனைவி கான்ஸ்டன்ஸ், இரண்டு மகன்கள். டக்ளஸுக்கு 20, குயின்ஸ்பெரி பிரபுவின் மகன். வீட்டில் செல்லப்பெயர் போஸி. இருவரும் காதலர்களானார்கள். போஸியின் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. 1895 பிப்ரவரி 18 அன்று வைல்ட் உறுப்பினராக இருந்த கிளப்பில் அவரை அவமானப்படுத்தும் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். வைல்ட் அவதூறு வழக்குப் போட்டார். போஸியும் அதற்குத் தூண்டினார். வழக்கு அப்படியே திரும்பி வைல்டின் மேலேயே விழுந்தது. ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1895 மே 25 அன்று இரண்டு வருடக் கடுங்காவல் தண்டனை. லண்டனில் வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு நாடகங்களின் விளம்பரங்களிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். அதே வருடம் திவால். மனைவி தன் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் ஹாலண்ட் என்று மாற்றிக்கொண்டார்.

ரெடிங் சிறையில் 1897 ஜனவரியிலிருந்து மார்ச் வரை வைல்ட் போஸிக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம் என்று பேர்தான், சுமார் 50,000 வார்த்தைகள்! நீ என் பணத்தைத் தின்றாய், நேரத்தைத் தின்றாய், உன் அப்பாவோடு நீ போட்ட சண்டையில் என்னைப் பகடைக்காயாக்கினாய் என்று ஒவ்வொரு ஹோட்டல் பில்லையும் நினைவில் வைத்து எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் 'டி புரொஃபண்டிஸ்' என்ற பெயரில் பிரபலமானது இதுதான்.

இப்படி எழுதிய மனிதர், மே 19 அன்று விடுதலையாகிறார். செபாஸ்டியன் மெல்மத் என்ற புனைபெயரோடு பிரான்சுக்குப் போய், பெர்னெவல் என்ற கடலோரக் கிராமத்தில் தங்குகிறார். ஆகஸ்ட் கடைசியில் ரூவான் நகரத்தில் போஸியைச் சந்திக்கிறார். ஸ்டேஷனில் வைல்ட் அழுதார் என்றும், அன்று முழுக்கக் கைகோத்துக்கொண்டே ஊரைச் சுற்றினோம் என்றும் போஸி பல வருடங்கள் கழித்துத் தன் சுயசரிதையில் எழுதினார். செப்டம்பரில் இருவரும் இத்தாலியின் நேப்பிள்ஸுக்குப் போய்விட்டார்கள்.

ஏன் போனார்? வைல்ட் தன் நெருங்கிய நண்பர் ராபர்ட் ராஸுக்குக் காரணம் எழுதினார். அன்பு இல்லாத இடத்தில் என்னால் வாழ முடியாது, போஸியிடம் திரும்பிப் போவது தவிர்க்க முடியாதது என்பதுதான் அதன் சாரம். போஸியால் மறுபடி கஷ்டம் வரலாம் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதனால் ஏமாந்து போனார் என்று சொல்ல முடியாது.

நேப்பிள்ஸுக்கு வெளியே பொசிலிப்போ என்ற கடலோரப் பகுதியில் 'வில்லா ஜூடிச்சே' என்ற வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். கையில் காசில்லை. ஓர் இசை நாடகத்துக்கு வசனம் எழுதித் தருவதாக வைல்ட் வாங்கிய 100 பவுண்டு முன்பணம்தான் ஆரம்ப முதலீடு (அந்த நாடகம் கடைசிவரை எழுதப்படவே இல்லை). வீட்டில் எலித் தொல்லை வேறு. ஆனாலும் அங்கே வேலை நடந்தது. தன் கடைசிப் படைப்பான ரெடிங் சிறைப் பாடலை வைல்ட் அங்கேதான் முடித்தார். போஸியும் கவிதை எழுதிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இத்தாலியில் 1890 முதல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தில் தன்பாலின உறவு குற்றமே இல்லை. பிரான்சில் 1791லேயே அது குற்றப் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஆக, அவர்களைப் பிரிக்க நேப்பிள்ஸில் எந்தப் போலீசும் வர முடியாது. பிறகு எப்படிப் பிரிந்தார்கள்?

பணம். வேறொன்றுமில்லை.

கான்ஸ்டன்ஸ் வருடத்துக்கு 150 பவுண்டு (வாரத்துக்கு 3 பவுண்டுக்கும் குறைவு) வைல்டுக்குக் கொடுத்துவந்தார். கெட்ட பெயர் உள்ளவர்களோடு சேர்ந்து வாழ்ந்தால் இது நிறுத்தப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. நேப்பிள்ஸ் செய்தி தெரிந்ததும், நவம்பரில் பணம் நின்றது. போஸி எந்த நீதிமன்றத்திலும் தண்டனை பெறவில்லையே, அவரை எப்படிக் கெட்ட பெயர் உள்ளவர் என்கிறீர்கள் என்று வைல்ட் கடிதம் கடிதமாக வாதாடினார். நியாயமான கேள்விதான், ஆனால் யாரும் கேட்கவில்லை. இன்னொரு பக்கம், போஸியின் அம்மா தன் மகனுக்குக் கொடுக்கும் பணத்தை நிறுத்தினார். டிசம்பர் ஆரம்பத்தில் போஸி கிளம்பிவிட்டார். இனி சேர்ந்து வாழ மாட்டோம் என்ற வாக்குறுதிக்குப் பதிலாக அந்த அம்மா வைல்டுக்கு 200 பவுண்டு கொடுத்தார்.

கான்ஸ்டன்ஸை வில்லியாக்க எனக்கு மனமில்லை. கணவரைப் பார்க்க அவர் தயாராகிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் கணவர் யாரால் குடும்பம் சிதறியதோ அவரோடு போய்விட்டார் என்ற செய்தி வந்தது. பிள்ளைகளோடு ஊர் ஊராக மறைந்து வாழ்ந்த ஒரு பெண்ணுக்குக் கோபம் வராதா? அப்படியும் பிறகு அந்தத் தொகையை மறுபடி கொடுக்க ஆரம்பித்தார். தான் இறந்த பிறகும் அது தொடர உயிலில் வழிசெய்தார். 1898 ஏப்ரலில் ஜெனோவாவில் இறந்தார்.

சரி, பிரிவுக்குப் பிறகு இருவரும் என்ன எழுதினார்கள்? போஸி அம்மாவுக்கு எழுதினார்: அவரோடு வாழ்ந்து பார்த்ததால்தான் அந்த ஏக்கம் தீர்ந்தது, இப்போது விடுபட்டேன் என்கிற மாதிரி. வைல்ட் ராஸுக்கு எழுதினார்: பணம் இருக்கும்வரை இருந்தான், பணம் போனதும் போய்விட்டான், என் வாழ்க்கையின் மிகக் கசப்பான அனுபவம் என்று. இந்த இரண்டு கடிதங்களையும் வைத்துத்தான் "காதலே இல்லை" என்று பலர் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

ஆனால் ஒரு கடிதத்தைப் படிக்கும்போது யாருக்கு எழுதியது என்று முதலில் பார்க்க வேண்டாமா? போஸி எழுதியது தனக்குப் பணம் தரும் அம்மாவுக்கு. வைல்ட் எழுதியது இந்த உறவை எதிர்த்த, தன் வரவுசெலவைப் பார்த்துக்கொண்ட நண்பருக்கு. இருவருமே "நீங்கள் சொன்னதுதான் சரி" என்று சொல்ல வேண்டிய நிலைமையில் இருந்தார்கள். எழுதியது பொய் என்று நான் சொல்லவில்லை. அதுவே முழு உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது என்கிறேன்.

ஏனென்றால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1898ல் இருவரும் பாரிஸில் மறுபடி சந்திக்கிறார்கள். போஸி அங்கே எடுத்த வீட்டுக்குச் சாமான் வாங்க வைல்ட் உதவுகிறார்! சேர்ந்து வாழவில்லை, ஆனால் சேர்ந்து சாப்பிட்டார்கள், பேசினார்கள். 1900 ஜனவரியில் அப்பா இறந்து போஸி பணக்காரர் ஆனார். அவ்வப்போது காசோலை கொடுத்தார். ஆனால் நிரந்தரமாக ஒரு வருமானத்துக்கு ஏற்பாடு செய்யும்படி வைல்ட் கேட்டபோது மறுத்தார். இதில் போஸியை மன்னிப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதே வருடம் நவம்பர் 30 அன்று பாரிஸில் ஒரு மலிவு ஹோட்டலில் வைல்ட் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் முதன்மைத் துக்கக்காரராக நின்றவர் போஸி.

சிறையில் எழுதிய அந்த நீண்ட கடிதத்தின் சாரத்தை 1913ல் லண்டன் நீதிமன்றத்தில், தான் போட்ட அவதூறு வழக்கு ஒன்றில், போஸி உட்கார்ந்து கேட்க வேண்டிவந்தது. வழக்கில் தோற்றார். அடுத்த வருடம் வைல்டைத் திட்டி ஒரு புத்தகமே வெளியிட்டார். வயதான பிறகு கோபம் தணிந்தது. 1945ல் இறந்தார். வைல்டை வருந்தவைத்த மாதிரியான குற்றங்களுக்குத் தண்டனை பெற்று இறந்துபோன ஆயிரக்கணக்கானவர்களுக்கு 2017ல் பிரிட்டிஷ் அரசு மன்னிப்பு வழங்கியது. வைல்டும் அதில் அடக்கம்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 2018 செப்டம்பர் 6 அன்று நம் உச்ச நீதிமன்றம், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு வைத்துக்கொள்ளும் உறவை 377ஆம் பிரிவிலிருந்து விலக்கியது. அதில் நீதிபதி நாரிமன் எழுதிய தீர்ப்பு, 1894ல் வெளியான டக்ளஸின் ஒரு கவிதை வரியோடுதான் தொடங்குகிறது. வைல்டின் விசாரணையில் அவருக்கு எதிராகக் காட்டப்பட்ட அதே கவிதை!

சட்டம் மாறியது பெரிய விஷயம், சந்தேகமில்லை. ஆனால் நேப்பிள்ஸில் சட்டம் ஏற்கெனவே அவர்கள் பக்கம்தான் இருந்தது. வீட்டிலிருந்து வரும் பணம் நின்றது, அதோடு அந்த வீடும் போனது. இன்றும் வீட்டுச் செலவுப் பணத்தைக் காட்டி, சொத்தைக் காட்டிப் பிள்ளைகளின் காதலைப் பிரிப்பது நமக்குத் தெரியாத விஷயமா என்ன? காசு இருந்திருந்தாலும் இந்த இருவரும் சண்டை போட்டுப் பிரிந்திருக்கலாம். இருவரின் குணமும் அப்படி. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கே கிடைக்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?