வாய்க்கால்

பல வருஷங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம், ஆந்திர நண்பர் ஒருவரைத் தஞ்சாவூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு அழைத்துப் போயிருந்தேன். வயலோரம் ஓடிய தண்ணீருக்கு என்ன பெயர் என்று கேட்டார். வாய்க்கால் என்றேன். "எங்களுக்குக் காலுவ" என்றார். கன்னடக்காரருக்குக் காலுவெ. தமிழிலும் கால் என்றாலே போதும். நாம் வாயையும் சேர்த்துக்கொண்டோம்.

நடக்கிற கால் நாலு பாஷைக்கும் பொது. மாட்டுக்குக் கால் நாலு, அதில் ஒன்று கால் பங்கு. வடமொழிப் பாதத்துக்கும் இதே இரண்டு அர்த்தம் உண்டு. ஆகவே, ஆற்றுக்கு முளைத்த கால்தான் வாய்க்கால் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால் பழந்தமிழில் கக்குவதற்கும் காலுதல் என்று பெயர். மதகின் வாய் கக்கியதே வாய்க்கால் என்று யாராவது வாதாடினால் என்னால் மறுக்க முடியாது. மதகடியில் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த குடியானவனுக்கு இதுதான் தோன்றியிருக்கும்.

1010இல் முடிந்த பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். நிலத்தை வேலி, மா, காணி என்று அளந்து, வேலியில் 320இல் ஒரு பங்கான முந்திரிகையையும் விடாமல் கணக்கெடுத்தவர்கள் ராஜராஜனின் அதிகாரிகள். ஊரை ஊடறுத்த வாய்க்கால்களுக்கோ வரியில்லை என்று கழித்துவிட்டார்கள்.

நண்பருக்கு நான் காட்டிய வாய்க்கால் இன்று இல்லை. தூர்த்து மனை போட்டாயிற்று. பஸ்ஸில் மட்டும், "வாய்க்கால் ஸ்டாப் ஒண்ணு" என்று இன்னும் டிக்கெட் கேட்கிறார்கள். கண்டக்டரும் கிழித்துக் கொடுக்கிறார்.